வலது ஓரத்துப் பொத்தானை அகற்றுவது தொடர்பாக

மினோசாவா குடியிருப்பு, நீகாதா
ஜூலை 28

அன்பு மகள் சிகுசாவுக்கு அப்பா மசனோரி எழுதிக்கொள்வது.

மழைக்காலம் ஒருவழியாக முடிந்து, சிள்வண்டுகள் விடியற்காலை நாலரைக்கே வேலையைத் தொடங்கிவிடுகிற இந்த வெயில் நாட்களில் நீ டோக்கியோவில் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். அம்மாவின் இடது முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. வராந்தாவில் நிழலுக்காக ஏற்றிவிட்ட பாகற்கொடி மூன்று காய் விட்டிருக்கிறது. நிழல் இன்னும் விடவில்லை.

கடிதத்தைப் பேனாவால் எழுதியிருப்பதைக் கவனித்திருப்பாய். முதலில் லேப்டாப்பில்தான் தொடங்கினேன். "அன்பு மகள்" என்று அடித்து முடிப்பதற்குள் பிரவுசரின் வலது ஓரத்திலிருந்து ஒரு பெட்டி எட்டிப் பார்த்து, "உங்கள் கடிதத்தை இன்னும் அன்பாக மாற்றட்டுமா?" என்று கேட்டது. நான் எழுதியிருந்ததே இரண்டு வார்த்தை. அதற்குள் அன்பு போதவில்லை என்று எப்படிக் கண்டுபிடித்தது என்று தெரியவில்லை. மூடி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். ஆகவே இக்கடிதத்தின் முதல் நோக்கம், அந்தப் பொத்தானை அடியோடு எடுப்பது எப்படி என்று ஒரு தாளில் படம் போட்டு அனுப்பும்படி உன்னைக் கேட்டுக்கொள்வது. இரண்டாவதாக ஒரு விஷயம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜூன் கடைசியில் ஒரு நாள் காலை, பிரவுசர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. யாரும் கேட்கவில்லை. திறந்து பார்த்தால் வலது ஓரத்தில் நட்சத்திரம் மாதிரி ஒரு பொத்தான். ஏஐ உதவியாளராம். எந்தப் பக்கத்துக்குப் போனாலும் கூடவே வந்து, "சுருக்கித் தரட்டுமா, விளக்கட்டுமா, வேறு ஏதாவது வேண்டுமா" என்கிறது. முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவன் நான். டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு போர்டையும் சத்தமாகப் படித்துக் காட்டுகிற பயணியை எனக்குத் தெரியாதா. பழைய பெட்டியைக் குடைந்து, என் பஸ்ஸில் ஒட்டியிருந்த "ஓட்டுநருடன் பேச வேண்டாம்" ஸ்டிக்கரை எடுத்து, திரையில் அந்தப் பொத்தானுக்கு மேலேயே ஒட்டிவிட்டேன். இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது.

என் நிம்மதி ஊருக்குப் பொறுக்கவில்லை. எல்லாருடைய பிரவுசரிலும் அதே பொத்தான் வந்துவிட்டதால், எல்லாரும் என்னைத்தான் பிடித்தார்கள். காரணம் நீ. நீ கம்ப்யூட்டரில் இருக்கிறாய் என்பது மினோசாவா முழுக்கத் தெரியும். என் மகள் ரயில் நிலையத்து டிக்கெட் இயந்திரத்துக்கு மென்பொருள் எழுதுகிறாள், பிரவுசருக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். நாற்பது வருஷம் மின்சாரக் கடை வைத்திருந்த கதாகுரா, பூங்காவில் காலை வானொலி உடற்பயிற்சி முடிந்ததும் என்னை ஊஞ்சல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"டிக்கெட் மெஷின்லயும் பொத்தான் இருக்கு, இதுலயும் பொத்தான் இருக்கு. சம்பந்தமில்லைன்னு சொல்றீங்களே அண்ணே."

"அது வேற கம்பெனி, கதாகுரா."

"மூணு தடவை அணைச்சேன். செட்டிங்ஸுக்குள்ள போயி, அதுக்குள்ள போயி, அதுக்கும் உள்ள போயி அணைச்சேன். அடுத்த அப்டேட்ல பல்லைக் காட்டிக்கிட்டு வந்து நிக்குது. நான் வித்த ஃபேன் ஒண்ணாவது அணைச்சப்புறம் தானா சுத்தியிருக்கா, சொல்லுங்க. உங்க பொண்ணுகிட்ட சொல்லி வைங்க."

சொல்லிவிட்டேன். ஊர்ச் சங்கத் தலைவர் மியோஷிக்கு வேறு பயம். தான் படிப்பதையெல்லாம் அது யாருக்கோ சொல்லிக்கொடுக்கிறது என்கிறார். அதனால் இப்போது கௌரவமான பக்கங்களை மட்டுமே திறக்கிறார். ஒரு மாதமாக ஹாலந்து நாட்டுக் கால்வாய்களைப் பற்றிப் படித்துப் படித்து, போன வாரம் சங்கத்தில் நம் சாக்கடைக்கு ஒரு மதகு வைக்கவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். மூலை வீட்டு உசுய் அம்மாவுக்கோ அது உறவுக்காரப் பிள்ளை மாதிரி. காலையில் வணக்கம் சொல்லித் திரையைக் குனிந்து கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்குகிறாளாம். "இந்தத் தெருவுல கேட்ட கேள்விக்கு முழுசா பதில் சொல்றது அது ஒண்ணுதான் தலைவரே. நீங்கெல்லாம் 'ம்'ங்கறதோட சரி" என்கிறாள். (தலைவரே என்றால் நான்தான். விளக்கம் கீழே வருகிறது.)

உன் அம்மாவின் கோபம் இவை எதிலும் சேராது. கத்தரிக்காய் ஊறுகாய்க்கு யாரோ ஒரு பெண்மணி எழுதுகிற பக்கத்தை வாராவாரம் படிப்பாளே, அதைத் திறந்தாளாம். பெட்டி குறுக்கே வந்து பொருள், அளவு, செய்முறை என்று நாலு வரியில் முடித்துக் கொடுத்துவிட்டது. நல்லதுதானே என்றேன். "என்ன நல்லது? எனக்கு ஊறுகாய் போடத் தெரியாதா? அந்தப் பொம்பளை ஒவ்வொரு வாரமும் மேல ரெண்டு பக்கம் அவ மாமியாரைப் பத்தி எழுதுவா. அதுக்குத்தாங்க நான் போறேன். இது மாமியாரைத் தூக்கிப் போட்டுட்டு உப்பை எடுத்துக் குடுக்குது." இரண்டு நாள் ஊறுகாய் இல்லை. எனக்கு அந்தப் பெட்டி மேல் அப்போதுதான் உண்மையான வெறுப்பு வந்தது.

இனி முக்கியமான சங்கதி. இந்த வருஷம் எங்கள் தெருக்குழுத் தலைவர் முறை என்னுடையது. முப்பத்து நாலு வீடு சுற்றி வருகிற முறை, நான் கேட்டு வாங்கியதல்ல. ஏப்ரல் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். முன்னோர்களுக்கான ஓபோன் திருவிழாவின் வட்ட ஆட்டத்துக்கு ஆள் சேரமாட்டேன் என்கிறது, போன வருஷம் மழை, அதற்கு முந்தின வருஷம் ஒலிநாடா. உனக்கு அதைச் சொன்னேனோ இல்லையோ. மேளம் அடிக்க யாரும் இல்லாததால் ஒலிபெருக்கியில் நாடா போட்டு ஆடினோம். பாதியில் சிக்கிக்கொண்டது. வட்டத்தில் இருந்த பத்தொன்பது பேரும் ஒரு கையைத் தூக்கியபடி நின்றோம், கதாகுரா பென்சிலை விட்டுச் சுற்றுகிறவரை. ஆகவே இந்த வருஷம் இருபது வீடாவது வேலைக்கு வருவதாக ஒப்புக்கொள்ளாவிட்டால் ஆட்டத்தை இத்தோடு நிறுத்திவிடுவது, மேளம் ஏற்றிவைக்கப் பரண் கட்டுகிற மரங்களையும் பெரிய மேளத்தையும் நகராட்சி அருங்காட்சியகக் கிடங்குக்குக் கொடுத்துவிடுவது என்று தீர்மானம். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. ஐம்பத்திரண்டு வருஷம் நடந்த ஆட்டம் எந்தத் தலைவர் முறையில் நின்றது என்று கேட்டால், நம் ஹோசகாய் குடும்பத்து முறையில் என்றுதான் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், ரொம்பவே பிடிக்கவில்லை.

ஜூலை முதல் வாரம் சங்கத்தின் வலைப்பக்கத்தில் படிவம் வைத்து, வருவீர்களா, என்ன வேலை செய்வீர்கள் என்று கேட்டோம். இருபத்தொன்பது பதில் வந்தது. நம் ஜனங்கள் எழுதுகிற பதில் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும். முதல் பத்தி வெயில். இரண்டாம் பத்தி என் உழைப்புக்கு நன்றி. மூன்றாம் பத்தி பழைய ஞாபகம். நாலாவதில் விஷயம் வந்தாலும் வரலாம். மூன்று பதில் படிப்பதற்குள் கண் சொருகியது. அந்த நேரம் பார்த்து வெயிலில் பசை இளகி என் ஸ்டிக்கர் கீழே வழிந்துவிட்டது. அதன் பின்னாலிருந்து பெட்டி, "29 பதில்கள் உள்ளன. சுருக்கித் தரட்டுமா?" என்றது. மகளே, அப்பா வழுக்கிவிட்டேன். அழுத்தினேன்.

"29 பேரில் 27 பேர் கலந்துகொள்ள மிகவும் விரும்புகிறார்கள். ஒருவருக்கு அறுவை சிகிச்சை. ஒருவர் தன்னால் பயனில்லை என்று விலகுகிறார். பணிப் பட்டியல் தயாரிக்கட்டுமா?"

இருபத்தேழு. நான் எழுந்து நின்றுவிட்டேன். பட்டியலும் வந்தது, அதுவும் எப்பேர்ப்பட்ட பட்டியல். முழங்கால் வலி என்று எழுதிய உசுய் அம்மாவுக்கு "உட்கார்ந்தபடி ஐஸ் துருவுதல்". மினோசாவாவின் வரலாற்றை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்த மியோஷிக்கு "ஒலிபெருக்கி அறிவிப்பு". பேரன் பேத்திகள் வருகிறார்கள் என்று எழுதியவர்களுக்கு "குழந்தைகள் வரிசை". நூடுல்ஸ் வறுக்க நாலு பேர், பரண் கட்ட ஆறு பேர், பெருக்க மூன்று பேர். மனிதரை அறிந்து போட்டிருந்தது. ஒரே ஒரு இடம் காலி. அச்செடுத்து, "தங்கள் அன்பான சம்மதத்துக்கு நன்றி" என்று மேலே என் கையால் எழுதி, சுற்றறிக்கைப் பலகையில் செருகி, படித்ததற்கு அடையாளமாக என் பெயருக்கு நேரே முத்திரை குத்திப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை பார்லி டீ வைத்துக்கொண்டு உன் அம்மா பொழுது போகாமல் அந்த இருபத்தொன்பது பதிலையும் படிக்க உட்கார்ந்தாள். மாமியார் கதை ஏதாவது அகப்படுமா என்றுதான். ஐந்தாவது பதிலில் நிறுத்தினாள்.

"ஏங்க. உசுய் அம்மா வராங்கன்னா சொன்னீங்க?"

"ஆமா. ஐஸ் துருவ."

"'எவ்வளவு நல்ல முயற்சி, எனக்கு வர எவ்வளவோ ஆசை, அந்த நேரத்துக்கு முழங்கால் மட்டும் மனசு வெச்சா'ன்னு எழுதியிருக்காங்க. இது வரலைன்னு அர்த்தம்."

அவள் அடுத்ததைப் படித்தாள். "'குடும்பத்தோட கலந்து பேசி, கட்டாயம் நல்ல விதமா யோசிக்கிறோம்.' வரலை. 'இப்படி ஒரு திருவிழா நம்ம தெருவுல இருக்கறதே பெருமை.' வரலை. 'தலைவர் உடம்பைப் பாத்துக்கணும்.' இது வரவே வரலை." இருபத்தேழில் அவள் கணக்குக்கு உண்மையாக வருவதாக இருந்தது நாலு பேர். "முப்பத்தாறு வருஷம் இந்த ஊர் ஜனங்களை பஸ்ல ஏத்தி இறக்கினீங்க. ஒருத்தரையாவது தெரிஞ்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அந்தப் பலகையை உனக்குத் தெரியும். வாசலில் போட்டுவிட்டுப் போகக்கூடாது, கையால்தான் அடுத்த வீட்டில் கொடுக்கவேண்டும், அதனாலேயே ஒவ்வொரு வீட்டிலும் நாலு நாள் தூங்கும். மே மாதக் கொசு மருந்து அறிவிப்பு எங்களுக்குத் திரும்பி வந்தபோது அடுத்த கொசுவே வந்துவிட்டது. ஆகவே இரண்டாம் வீட்டில்தான் இருக்கும் என்று நினைத்துப் போனேன். அங்கே இல்லை. நேற்றே கொடுத்துவிட்டார்களாம். ஏழாம் வீட்டுக்குப் போனேன், "இப்பத்தான்" என்றார்கள். பன்னிரண்டில் "அஞ்சு நிமிஷம் முன்னாடி". பத்தொன்பதில் வீட்டுக்காரம்மா வாசலிலேயே நின்றுகொண்டு இருபதாம் வீட்டு அம்மாவிடம் "நீங்களுமா வறுக்கறீங்க? நானுந்தான்" என்று பேசிக்கொண்டிருந்தாள். பலகை இருபத்தொன்றுக்குப் போய்விட்டிருந்தது. முப்பத்தைந்து டிகிரி வெயிலில், எழுபது வயதில், ஓடுகிற பஸ்ஸை விரட்டுகிற பயணியாக நான் ஆகிவிட்டேன். இத்தனை வருஷம் கண்ணாடியில் பார்த்தும் பார்க்காத மாதிரி நான் விட்டுவிட்டுப் போனவர்கள் எல்லாரையும் அன்று நினைத்துக்கொண்டேன். கடைசி வீட்டில் பலகையைப் பிடித்தபோது பெயர்களுக்கு நேரே வரிசையாக முத்திரைகள், என்னுடையதையும் சேர்த்து முப்பத்து நாலு. ஒரு பெயரையும் ஒருவரும் அடிக்கவில்லை.

ஏன் என்று எனக்கு அப்புறம்தான் விளங்கியது. ஒவ்வொருவரும் தன் பெயரைப் பார்த்துத் திடுக்கிட்டிருக்கிறார்கள். பிறகு மற்ற பெயர்களைப் பார்த்திருக்கிறார்கள். ஊரே வருகிறதாம், நாம் மட்டும் எப்படி மாட்டேன் என்பது. அதுவும் ஆசை ஆசை என்று எழுத்தில் வேறு கொடுத்திருக்கிறோம். ஆளுக்காள் இப்படி நினைத்துக்கொண்டு, முத்திரையைக் குத்தி, அடுத்த வீட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கும் அவசரத்தில் ஓடியிருக்கிறார்கள்.

அன்று மாலை கதாகுரா வந்தார். உட்காரவில்லை.

"பட்டியல்ல என் பேரு இல்லை."

"நீங்க விலகறதா எழுதியிருந்தீங்களாமே, கதாகுரா."

"நானா? 'இந்தக் கிழட்டுக் கட்டையால என்ன ஆகப்போகுது, வந்தா உங்களுக்கெல்லாம் இடைஞ்சல்தான்'னு எழுதினேன். நாப்பது வருஷமா அந்தப் பூங்காவுக்கு விளக்குப் போட்டவன் வேற எப்படி எழுதுவான்? 'நான்தான் விளக்குப் போடுவேன்'னா எழுதுவான்? அதைப் படிச்சவன் யாரு?"

அவருக்கே சந்தேகம் தட்டியிருக்கவேண்டும், என் லேப்டாப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "விளக்கு: கதாகுரா" என்று அவர் கண்ணெதிரேயே பேனாவால் எழுதினேன். பெரிதாக எழுதச் சொன்னார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வேலைக்கு ஆள் கிடைத்துவிட்டது, இருபதுக்கு மேலேயே கிடைத்துவிட்டது, வாயை மூடிக்கொண்டிரு என்று ஒரு பக்கம். ஏமாற்றிச் சேர்த்த கூட்டம் என்று இன்னொரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூடத்தில் எல்லாரும் கூடியபோது எழுந்து, இடுப்பு எவ்வளவு மடியுமோ அவ்வளவு மடித்து, விஷயத்தைச் சொன்னேன். உங்கள் பதில்களை நான் படிக்கவில்லை, அந்தப் பொத்தான் படித்தது, நீங்கள் பண்போடு மறுத்ததையெல்லாம் அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டது, தப்பு என்னுடையது, பெயரை எடுக்க விரும்புகிறவர்கள் இப்போதே எடுத்துவிடலாம் என்றேன். நிமிரலாமா கூடாதா என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உசுய் அம்மாதான் முதலில் பேசினாள். "நான் வரலைன்னுதான் எழுதினேன், ஒத்துக்கறேன். ஆனா தலைவரே, வர ஆசைன்னு எழுதினேனே, அது பொய்யா? ஆசை இல்லாமலா எழுதினேன்? இத்தனை வருஷம் எழுதறேன், எல்லாரும் ஆசையைத் தள்ளிட்டு முழங்காலை எடுத்துக்குவீங்க. அது மட்டும் முழங்காலைத் தள்ளி வெச்சிட்டு ஆசையை எடுத்துக்கிச்சு. உக்காந்துக்கிட்டே ஐஸ் துருவலாம்னு இந்தத் தெருவுல எவருக்காவது தோணிச்சா?"

யாருக்கும் தோன்றவில்லை. "நான் அதுல பெருமைன்னு எழுதியிருந்தேன். அதுவும் நெசம்தான்" என்றார் பின்வரிசையில் ஒருவர். மியோஷி தொண்டையைச் செருமிக்கொண்டு, பொத்தான்களைப் பற்றிய தன் சந்தேகங்கள் அப்படியே இருக்கின்றன, இருந்தாலும் அறிவிப்பு வேலைக்குத் தன்னைத் தேர்ந்தெடுத்ததை மட்டும் வைத்து அதன் அறிவைக் குறைசொல்ல முடியவில்லை என்றார். அப்புறம் பரண் கயிறு மூன்று வருஷம் பழசு, புதுசு வாங்கணுமா வேண்டாமா என்று சண்டை தொடங்கிவிட்டது. ஒரு மணி நேரம் போட்டார்கள். அவ்வளவு நல்ல சண்டையை அந்தக் கூடத்தில் நான் பார்த்துப் பல வருஷமாகிறது.

ஆகவே ஆகஸ்ட் 14 மாலை ஆட்டம் உண்டு. பரண் மரங்களை வெளியே எடுத்து வெயிலில் போட்டாயிற்று. மேளத்தையும் இறக்கினோம். தோல் நன்றாக இருக்கிறது. கதாகுரா தட்டிப் பார்த்தார், பூங்காவில் இருந்த புறா எல்லாம் பறந்தது. குச்சிகளைத் தேடினால் கிடைக்கவில்லை. அவை நம் வீட்டில், உன் அறை அலமாரிக்கு மேல் இருக்கின்றன என்பது எனக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரே ஒரு இடம் காலி என்று சொன்னேன் அல்லவா, அது மேளம்தான். யாரும் அதற்கு எழுதவில்லை. நீ பதினைந்து வயதிலிருந்து அடித்து வந்த இடம், வேறு யாரும் கைவைக்கத் தயங்குகிறார்கள். அது கிடக்கட்டும், நாடாவைக் கதாகுரா சரி செய்து வைத்திருக்கிறார், சமாளித்துக்கொள்வோம்.

உனக்கு வேலை அதிகம் என்று தெரியும். ஓபோன் சமயத்தில் ரயிலில் கூட்டம் நெரியும். நின்றுகொண்டே வரவேண்டியிருக்கும். எங்களுக்காகச் சிரமப்பட்டு வர வேண்டியதில்லை. உன் உடம்புதான் முக்கியம். பொத்தானை எடுக்கிற வழியை மட்டும் மறக்காமல் எழுதி அனுப்பு. கதாகுராவுக்கும் மியோஷிக்கும் சேர்த்து மூன்று பிரதி அனுப்பினால் உபகாரமாக இருக்கும்.

வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே, குளிரூட்டியை நேராக முகத்துக்கு வைத்துக்கொண்டு தூங்காதே. நீ நலமாக, நிறைவாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு வேண்டுதல் இல்லை. அம்மா தனியாக ஒரு டப்பாவில் ஊறுகாய் அனுப்புகிறாள். உசுய் அம்மாவும் கதாகுராவும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
அப்பா
ஹோசகாய் மசனோரி

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் அம்மா வாங்கிப் படித்தாள். "கடைசியில திரும்பவும் அதையே எழுதியிருக்கீங்க" என்றாள். எதை என்றேன். "வர வேண்டியதில்லை, ரயில்ல கூட்டம். நாலு வருஷமா இதே வரி." அது ஒரு மரியாதைக்கு, அப்படி எழுதினால் என்ன அர்த்தம் என்று சிகுசாவுக்குத் தெரியாதா என்றேன். "தெரியும்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டு, லேப்டாப்பைத் திறந்து, போன வருஷம் நான் உனக்கு அனுப்பிய மெயிலை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். "தந்தை தன் மகளை விடுமுறைக்கு வர வேண்டாம் என்கிறார்" என்று வந்தது. அதற்கு முந்தின வருஷத்து மெயிலுக்கும் அதே வரி. நான் அப்படி எழுதவில்லை என்று திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். உன் அம்மா அதையும் பெட்டியில் தட்டச்சு செய்துவிட்டாள். "மன்னிக்கவும். நீங்கள் சொல்ல விரும்பியது என்ன?" என்று கேட்டது. இந்த எழுபது வயது வரைக்கும் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதற்குச் சொல்வானேன், உனக்கே சொல்லிவிடுகிறேன். வா. வந்து மேளம் அடி. நீ வராத நாலு வருஷமும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

நேற்று வந்த உன் மெயிலையும் அதனிடம் காட்டினோம். "வர ரொம்ப ஆசைப்பா, வேலை எப்படி அமையுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று எழுதியிருந்தாய். அம்மா படித்தால் அதற்கு அர்த்தம் 'வரலை'. பொத்தான் படித்ததில், "மகள் வீட்டுக்கு வர மிகவும் விரும்புகிறாள்" என்று இருந்தது. நாங்கள் அதை இரண்டு தடவை படித்தோம். ஆகையால் பொத்தானை எடுக்கிற வழியை அனுப்ப வேண்டாம். கதாகுராவிடம் நீ மறந்துவிட்டாய் என்று சொல்லிக்கொள்கிறேன்.

பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். மேளத்துக்கு நேரே உன் பெயரை எழுதியாயிற்று. முப்பத்து நாலு முத்திரைக்குக் கீழே ஒரு கட்டம் புதிதாகப் போட்டிருக்கிறேன், அது உனக்கு. பலகைத் தாளைத் தபாலில் அனுப்புவது விதிப்படி தப்பு, மியோஷி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். படித்ததும் முத்திரை குத்தி, வழக்கப்படி உன் கையாலேயே அடுத்த வீட்டில் கொடுத்துவிடு. உனக்கு அடுத்த வீடு நம் வீடுதான்.